சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து வந்து இறங்கி, அரியலூர் ஸ்டேஷனில் விட்டு வைத்திருந்த சைக்கிளை நம் வீடுவரை நீ தள்ளிக்கொண்டே வந்தாய். ஏறி மிதித்தால் பத்து நிமிடம். திருச்சி வண்டி வந்து போன சத்தம் கேட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெருமுனையில் உன் தலை தெரிந்தது. கைப்பிடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "பஞ்சராடா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றாய். நீ குளிக்கப் போனதும் இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, பிறகு மடக்கி, மறுபடி நீட்டி உட்கார்ந்தாய். சோறு போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த உட்காருதல் எனக்குத் தெரியும். பதினான்கு வருடம் முன்னால் அதே மாதிரி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் நேராகவே கேட்டேன். உன் முகம் சிவந்து போனது. "பெத்த தாய் கேக்குற கேள்வியாம்மா இது?" என்று கத்தினாய். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தாய். அப்புறம் கொல்லைப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் கனமா இருக்கு, கெட்டியா இருக்கு. கல்யாணம் முடியட்டும், போயி காட்டிக்கிறேன். ரெண்டு மாசந்தானே" என்றாய்.

இரண்டு மாதம்தானே. உன் அப்பாவுக்குப் பதினைந்து நாள்தானே என்று சொன்னவள் நான். அந்த 'தானே'யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு என் மேல் வெறுப்பு வரும். அதற்கான காரணம் கடைசியில் இருக்கிறது. அதுவரை படித்துவிடு.

உன் அப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்ததாக உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னாய், வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அப்படி எழுதினாய், பெண் வீட்டாரிடமும் அப்படியே சொன்னோம். அது பொய். கட்டி வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போனது கடைசியில். தொடங்கியது விரையில். இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்கு எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. நான் திருச்சியில் விலங்கியல் படித்தவள். தவளையை அறுத்து, அந்த உறுப்பை எடுத்துப் பிரித்து, படம் வரைந்து, இங்கிலீஷில் பெயர் குறித்து மார்க் வாங்கியவள். தமிழில், மனிதர்கள் முன்னால், என் புருஷனுக்காக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ குளிக்கும்போது உன் கைக்கு அது தட்டுப்பட்ட அன்றே பயந்திருப்பாய். உன்னைப் பயப்படாமல் வளர்த்தது என் முதல் குற்றம்.

அப்போது நாம் அரும்பாவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். உன் அப்பா இரண்டு மைல் தள்ளி இருந்த உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பிள்ளை வளர்ப்பு, சத்துணவு, சுத்தம் என்று பேச வேண்டும். உனக்கு ஒன்பது வயது. உன்னைச் சைக்கிளின் முன்பாரில் உட்கார வைத்துத்தான் உன் அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். அந்தப் பங்குனியில் அவர் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதிக்க ஆரம்பித்தார். நீ வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏம்ப்பா நின்னுகிட்டே மிதிக்கிறன்னு கேட்டேன். குதிரை ஓட்டுறேண்டாங்குறாரு." நானும் சிரித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஓதம் இறங்கி, விரையில் நீர் கோத்து வீங்கிய ஆண்கள் நிறையப் பேர். வேட்டி விலகாமல் அகட்டி நடப்பார்கள். அவர்களைப் பார்த்து ஊரே கேலி பேசும். பெண்கள்கூடத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் குடத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். உன் அப்பா தனக்கும் அதுதான் என்று நினைத்தார். கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் கிடைக்கப் போகிறது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். திருச்சிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்போது நானும் கூடப் போனேன். வயதான சர்ஜன். விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை வைத்துப் பார்த்தாராம். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். "தண்ணியா இருந்தா வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியும்மா. இது தெரியல. உள்ள கெட்டியா இருக்கு. நல்ல கட்டி இல்ல. வர்ற திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க, செவ்வாக்கிழமை எடுத்துடுறேன். ஒண்ணை எடுத்தா ஒண்ணும் கொறைஞ்சுடாது. ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது உன் அப்பா பெரம்பலூரில் இறங்கி உனக்குப் பன் வாங்கினார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கீழத்தெருவில் ஒரு தாயும் மகளும் ஒரே பகலில் இறந்தார்கள். காலரா. உலகத்தில் பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று பேப்பரில் படித்த நோய், சித்திரை வெயிலில் வற்றிப்போன நம் ஊர்க் கிணற்றுக்குள்ளும் வந்து இறங்கியிருந்தது. மறுநாள் இன்னும் மூன்று பேர். சனிக்கிழமை காலை சுகாதார ஜீப் ஊசி மருந்தோடு வந்தது. ஊர் எல்லையிலேயே ஆண்கள் கம்போடு நின்று மறித்தார்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கிணற்றடியில் இறக்கவிடவில்லை. எனக்கு மேலே இருந்த அதிகாரி, "நீங்கதானம்மா அந்த ஊர்ல குடியிருக்கீங்க. நீங்கதான் பேசணும்" என்று என்னைத் தள்ளிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வயது. என்னால் முடியும் என்று நினைத்தேன்.

கோயில் மரத்தடியில் நாட்டாமையோடு பேசினேன். நரைத்த மீசை, ஒரு கண்ணில் பூ விழுந்த மனிதர். அவரைச் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். "ஆபீசரம்மா, ஒங்க ஊசி இருக்கட்டும். ஆத்தாவுக்குக் கோவம். அதுக்கு என்ன மருந்து வச்சிருக்கீங்க?" என்று ஒருவன் கேட்டான். "போன வருசம் காப்பு கட்டி எட்டாம் நாளு வாத்தியாரு திருச்சியில போயி ராத் தங்குனாரா இல்லியா? அதைக் கேளுங்க மொதல்ல" என்றான் இன்னொருவன்.

அது உண்மை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்தப் பதினைந்து நாளும் ஊரில் இருப்பவர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. உன் அப்பா முந்தின வருடம் பரீட்சைப் பேப்பர் திருத்தத் திருச்சிக்குப் போய்ப் பத்து நாள் தங்கினார். "எம் பேரு உங்க ஓட்டர் லிஸ்ட்ல இருக்கு, ஆத்தா லிஸ்ட்ல இல்ல" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஐந்து சாவுக்கும் அந்தப் பேச்சுதான் காரணம் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

நாட்டாமை கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு ராத்திரி காப்பு கட்டப் போறோம். வாத்தியாரு வந்து கைய நீட்டி மஞ்சக் கயிறு கட்டிக்கட்டும். ஒங்க வூடும் ஊரு வூடுதான்னு சனங்களுக்குத் தெரியட்டும். அப்பறம் ஒங்க ஊசிய மொதல்ல நான் போட்டுக்குறேன். எம் பின்னால ஊரே வரும்" என்றார். நல்ல பேரம். எவ்வளவு நல்ல பேரம் என்று எனக்கு உடனே தெரிந்தது. "கட்டிக்குவாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை என்ற நாள் எனக்கு அந்த மரத்தடியில் ஞாபகம் வந்தது, தம்பி. மறந்துபோய்ச் சொன்னதாக நினைக்காதே. ஞாபகம் வந்துதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது நீ முற்றத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய். அவர் என்னைப் பார்த்தார். "ஊருக்கு ஊசி, எனக்குக் கயிறா?" என்றார். "பதினஞ்சு நாள்தானேங்க. வலிகூட இல்லைங்கிறீங்க. இங்க தெனமும் சாவுறாங்க" என்றேன். உன் பம்பரம் சுற்றி விழும்வரை பார்த்தார். "அதுவும் சரிதான். பேதியில சாகுறவன் திண்டாடும்போது நான் போயி ஒரு கட்டிலப் புடிச்சுக்குறது நல்லா இல்ல" என்றார். உன் அப்பா நல்ல மனிதர். ஊரில் கொள்ளைநோய் இருக்கும்போது வேறு நோய் வைத்திருப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற அளவுக்கு நல்லவர். அந்த நல்ல குணத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறு இரவு அவர் கையில் கயிறு கட்டினார்கள். திங்கட்கிழமை காலை, சர்ஜன் எங்களுக்காக ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்திருந்த அந்தக் காலையில், நம் வீட்டு வாசலில் மேசை போட்டு ஊசி போட்டோம். நாட்டாமை முதலில் வந்து தோளைக் காட்டினார். பின்னால் வரிசை. மூக்கைச் சிந்திக்கொண்டு பிள்ளைகள், தலையை மூடிக்கொண்டு பெண்கள், "வலிக்குமாங்க?" என்று கேட்டுவிட்டு ஊசி போட்டதும், "அட, இம்புட்டுத்தானா" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கிழவர்கள். உன் அப்பா மஞ்சள் கயிறு கட்டிய கையால் பெயர் எழுதினார். நின்றுகொண்டே எழுதினார். நாற்காலி இருந்தது. நான் ஒரு தரம்கூட "ஏன் நிக்கிறீங்க" என்று கேட்கவில்லை. கிணற்றில் பவுடர் போட்டோம். பத்து நாளில் சாவு நின்றது. அதிகாரி பாராட்டி ஒரு கடிதம் கொடுத்தார். பீரோவில் இருக்கிறது. கிழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன், பார்க்கவும் மனம் வராமல்.

ஊசி போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் செய்வேன். காலராவுக்கு ஜீப் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, அதிகாரி இருந்தார், ஆத்தா இருந்தாள். உன் அப்பாவின் நோய்க்குச் சத்தமே இல்லை. அதற்குப் பேச என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டையும் செய்திருக்கலாம். நாட்டாமையிடம் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் இரண்டும் நடந்திருக்கும். அந்த இரண்டு வாக்கியத்தையும் நான் பேசவில்லை. ஏனென்றால் அதில் அந்த வார்த்தை வரும். பதினைந்து ஆண்கள் சுற்றி நிற்க, என் புருஷனுக்கு அங்கே கட்டி என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு அவர் வகுப்பில் பையன்கள் சிரிப்பார்களே. கிணற்றடியில் குடத்தைக் காட்டுவார்களே. சிரிப்புக்குப் பயந்தேன், தம்பி. காலராவுக்கு நான் பயப்படவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையிலேயே திருச்சிக்குப் போனோம். அதற்குள் காலரா மாவட்டம் முழுவதும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் பாய். பாய்க்கு மேலே கம்பு நட்டுச் சலைன் பாட்டில்கள். சர்ஜன் இல்லை. அவரையும் காலரா வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபரேஷன் எல்லாம் நிறுத்தம், அவசரமானால் மட்டும் என்றார்கள். சீட்டு எழுதுகிற ஜன்னலில் இருந்தவர் நிமிராமலே, "என்ன கேஸு?" என்றார். எங்களுக்கு முன்னும் பின்னும் பெண்கள். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "வீக்கம்" என்றார் அவர். "எங்க வீக்கம்?" "கால் பக்கம்..." என்று நான் இழுத்தேன். அவர் 'வீக்கம்' என்று எழுதி, "ஒரு மாசம் கழிச்சு வாங்க. இருக்குற எடத்தப் பாத்தீங்கல்ல?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். தீர்மானிக்கத் தேவையான ஒரே சொல்லை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். அந்த வார்டில் எங்கேயோதான் சர்ஜன் இருந்தார். தேடிப் போயிருக்கலாம். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உன் அப்பா சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஆனியில் இருமல் வந்தது. ஆடியில் துண்டில் ரத்தம். ஆவணியில் ஆபரேஷன் செய்தார்கள். அதே சர்ஜன்தான். முடித்துவிட்டு வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தத் திங்கக்கிழமை ஏம்மா வரல?" நான் "ஊர்ல காப்பு கட்டியிருந்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே?" என்றார். அவ்வளவுதான். கார்த்திகையில் உன் அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு வாய்ப்பாடு ஒப்பித்தாய். தப்பாகச் சொன்னால் விரலால் கட்டிலைத் தட்டுவார். பதினேழாம் வாய்ப்பாட்டில் தட்டவில்லை. நீ சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாய்.

பதினாறாம் நாள் நாட்டாமை வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு, துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாத்தியாருக்கு என்னதாம்மா நோவு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுவ" என்றார். எனக்கு அன்றைக்குக் கூச்சம் விட்டுப் போயிருந்தது. சொன்னேன். அந்த வார்த்தையோடு, திங்கட்கிழமையோடு, மஞ்சள் கயிற்றோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், "இதைச் சொல்ல வேண்டியதுதானம்மா அன்னிக்கு" என்றார். "சொன்னா விட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா பேசுறீங்க? காப்பு கட்டியிருக்குன்னு புள்ளத்தாச்சிய நிறுத்தி வக்கிறமா? உசுருன்னா கயித்த அவுத்து ஆத்தா சூலத்துல கட்டிட்டு, ஒரு கொடம் தண்ணிய ஊத்திட்டுப் போறதுதான். எங்க அப்பன் காலத்துலேருந்து இருக்குற வழக்கம். நானே வண்டியப் பூட்டிக் கொண்டாந்து பெரம்பலூர்ல பஸ் ஏத்தி வுட்டிருப்பனே. ஊசிக்கும் குடுத்த வாக்குக் குடுத்ததுதான். எங்களையெல்லாம் என்னன்னு நெனச்சீங்க?" என்றார்.

என்னவென்று நினைத்தோம்? அவர்கள் பேரம் பேச வேண்டிய ஆட்கள், விஷயத்தைச் சொல்ல வேண்டிய ஆட்கள் இல்லை என்று நினைத்தோம். அவர்களுடைய கட்டுப்பாட்டில் ஒரு வாசல் இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. ஆறு வருடம் அந்த ஊரில் குடியிருந்தோம். உன் அப்பா காப்பைக் கிண்டல் செய்தார், நான் அதை வைத்து வேலையை முடித்துக்கொண்டேன். அது என்ன, எப்போது அவிழ்க்கலாம் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கீழத்தெருவில் மாடு மேய்க்கிற ஆள்கூடச் சொல்லியிருப்பான். மூடநம்பிக்கை உன் அப்பாவைக் கொன்றது என்று என் தங்கை இன்றும் சொல்கிறாள். இல்லை. படித்தவர்களின் கூச்சமும் மிதப்பும் கொன்றன. அதற்கடுத்த மாதமே நான் அரியலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாட்டாமையின் முகத்தில் விழிக்க முடியவில்லை. இங்கே வந்ததும் முதல் வேலையாக, வயிற்றில் கட்டி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். செத்துப் போனவரைக்கூடச் சிரிப்பிலிருந்து காப்பாற்றினேன் பார்.

இப்போது உன் விஷயம். திங்கட்கிழமை நான் இங்கே ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் வயதைச் சொன்னேன், கனத்தைச் சொன்னேன், வலி இல்லை என்பதைச் சொன்னேன், உன் அப்பாவைச் சொன்னேன். வலி இல்லாததுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் அதுவாகவே இருந்தாலும் இப்போது புது மருந்து வந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் காலம் மாதிரி இல்லை, சீக்கிரம் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். சென்னையில் ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றை எடுத்தாலும் ஆண் ஆண்தான். மற்றது போதும். பிள்ளை பிறப்பதைப் பற்றி மருந்து கொடுக்கும் முன்னால் டாக்டரிடம் நீயே கேள், கூச்சப்படாமல் கேள். கொல்லையில் நின்று நீ கேட்க நினைத்து விழுங்கியது இதுதான் என்று எனக்குத் தெரியும்.

நீ கல்யாணத்துக்கு முன்னால் போகமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள். உன் அப்பாவின் பிள்ளை நீ. உன்னால் பிறருக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாது. முகூர்த்தத்தன்று உன் கையிலும் ஒரு காப்புக் கட்டுவார்கள். அதற்குப் பிறகு மறுவீடு, விருந்து, ஆடி, தீபாவளி என்று ஒவ்வொன்றும் ஒரு 'தானே'யோடு வரும். அதனால் உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அன்றைக்கும் உன் அப்பாவைக் கேட்காமல்தான் செய்தேன். இதுவும் தப்பாக இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி ஜெயங்கொண்டத்துக்குப் பெண் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கணும், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். "என்னங்க சம்பந்தி, காய்ச்சலா, காமாலையா?" என்று பெண்ணின் அப்பா பதறினார். காமாலை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப் போகும், நீயும் அதையே பிடித்துக்கொண்டு திருச்சியில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் உள்ளதைச் சொன்னேன். விரையில் கட்டி, புற்றாக இருக்கலாம், எடுக்க வேண்டும் என்று அதே சொற்களில் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏங்க, பொம்பள வாயால பேசுற பேச்சாங்க இது? வூட்டுல வயசுப் பொண்ணு இருக்கு" என்றார். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பு அவள் கையிலேயே இருந்தது. "நீங்க கெளம்புங்க. ஜோசியரக் கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். நேற்று மாலை தரகர் வந்து நிச்சயப் புடவையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். "ஏம்மா, ஒரு வார்த்தைய மறைக்கத் தெரியலியே ஒங்களுக்கு. படிச்சவங்கதானே" என்று வருத்தப்பட்டார்.

இரண்டாவது முறையாக அந்தக் கேள்வி. இந்தத் தடவை எனக்கு அவமானமாக இல்லை.

ஆகவே உனக்குக் கல்யாணம் இல்லை. நீ காத்திருக்க வேண்டிய இரண்டு மாதமும் இல்லை. இதைத்தான் வெறுப்பாய் என்று சொன்னேன். வெறு. அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருந்தது, அவள் எழுதிய கடிதத்தை நீ சட்டைப் பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வெறு. ஆனால் உயிரோடு இருந்து வெறு. நாற்பது வருடம் வெறுத்துக்கொண்டிரு. எனக்கு அது போதும்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எழுதி வைத்திருக்கிறேன். நம் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். எந்த வீட்டிலோ ஒருவன் காலை நீட்டி மடக்கி உட்கார்ந்துகொண்டிருப்பான். அவனுக்கும் ஏதாவது ஒரு காப்புக் கட்டியிருப்பார்கள். அவனுடைய அம்மாவோ பெண்டாட்டியோ படிக்கட்டும்.

வருகிற புதன்கிழமை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற பகல் வண்டியில் ஏறு. இரண்டு வேட்டி, ஒரு போர்வை போதும். டாக்டரம்மாவின் கடிதம் என்னிடம் இருக்கிறது. வண்டி அரியலூரில் நிற்கும்போது நான் ஏறிக்கொள்வேன். நீ எந்தப் பெட்டியில் இருந்தாலும் தேடி வருவேன், பேச வேண்டாம் என்றால் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வருவேன். வண்டியில் நீ இல்லையென்றால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்துக்குப் போய் அடுத்த திருச்சி வண்டியைப் பிடித்து, உன் கம்பெனி வாசலுக்கே வந்துவிடுவேன். ஷிப்ட் முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில், வாட்ச்மேனிடம் உன் பெயரைச் சொல்லி, என்ன விஷயம் என்று அவர் கேட்டால், சத்தமாகச் சொல்வேன். எனக்கு அந்த வார்த்தை இப்போது பழகிவிட்டது.

அம்மா